இட ஒதுக்கீடு நியாயமா? கவுன்சலிங் சமயத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஒரு மாதம் எங்கள் ஊர் கிளை நூலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம், நானும் இரண்டு நண்பர்களும். சாதிச் சான்றிதழை அப்லோடு செய்யும் இடம் வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். பின்னால் வரிசை நிற்கும், நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது, அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்கள் பேசியபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். நான் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவில் வந்தவன், எங்கள் வீட்டில் அப்பாதான் முதல் பட்டதாரி. எங்கே நின்று பேசுகிறேன் என்பது படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எத்தனை பர்சென்ட் யாருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலும் மாநில அரசு வேலைகளிலும் பிற்படுத்தப்பட்டோருக்கு 30 சதவீதம், அதற்குள்ளேயே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் (எம்.பி.சி.) சீர்மரபினருக்கும் சேர்த்து 20. பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. கூட்டினால் 69, மீதி 31 பொதுப்பிரிவு.

மத்திய அரசின் கணக்கு வேறு. எஸ்.சி. (பட்டியல் சாதியினர்) 15, எஸ்.டி. (பழங்குடியினர்) 7.5, ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27, இ.டபிள்யூ.எஸ். (வேறு ஒதுக்கீட்டில் வராத, பொருளாதாரத்தில் நலிந்தோர்) 10. அதனால் ஒரே பிள்ளை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எம்.பி.சி., சென்னை ஐஐடிக்கு ஓ.பி.சி. இரண்டுக்கும் சான்றிதழ் தனித்தனி. இதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

ஓ.சி.ன்னா எஃப்.சி. தானே? அந்த 31 சதவீதம் அவங்களுக்குத்தானே?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எஃப்.சி. என்பது முற்பட்ட சாதியினர். ஓ.சி. என்பது 'ஓப்பன் காம்பெட்டிஷன்', எல்லாருக்கும் பொதுவான போட்டி. எந்த சாதிக்கும் அது சொந்தமில்லை. எஸ்.சி. மாணவி ஒருத்தி பொதுத் தரவரிசையில் 31 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் அவள் இடம் பொதுப்பிரிவில்தான் கணக்காகும், எஸ்.சி. பிரிவின் 18-இல் கை வைக்க மாட்டார்கள். இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது.

'69 போக மீதிதான் எங்களுக்கு' என்று எஃப்.சி. வீட்டார் சொல்வதும், '31 அவங்களுக்குப் போயிடுது' என்று மற்றவர்கள் சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முனைகள். பொதுப்பட்டியலை எடுத்துப் பாருங்கள், பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் நிறையப் பேர் அதில் இருப்பார்கள்.

இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சது? அம்பேத்கரே பத்து வருஷம்தான்னு சொன்னாராமே?

பத்து வருஷம் என்பது நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் உள்ள தனித்தொகுதிகளுக்கு. அரசியல் சட்டத்தின் 334-ஆவது பிரிவு. பத்துப் பத்து வருஷமாக நீட்டி இப்போது 2030 வரை வந்திருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்கிற 15(4), 16(4) பிரிவுகளில் கெடு எதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தொடக்கம் சுதந்திரத்துக்கும் முன்னால். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1902-இல் பாதி இடங்களை ஒதுக்கினார். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை வந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் ஆறேழு வருஷம் ஆனது, முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது. 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்தக் கணக்கில் பிராமணருக்கும் பங்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் இருக்கிற நாட்டின் அலுவலகங்களில் எல்லாரும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் யோசனை. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது, பெரியார் உட்படப் பலர் தெருவில் இறங்கினார்கள், அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

ஏழைங்க எல்லா சாதியிலயும் இருக்காங்க. பணம் இல்லாதவங்களுக்குக் கொடுத்தா போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, பி.சி. பிரிவினருக்கு வருஷ வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஒதுக்கீடு இல்லை என்று ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பியது, 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடம் கிடைத்தது, எம்.ஜி.ஆர். அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதோடு பி.சி. ஒதுக்கீட்டை 31-இலிருந்து 50 ஆக்கினார்.

அரசியல் கணக்கை விடுங்கள், தர்க்கத்துக்கு வருவோம். வறுமைக்கு மருந்து பணம். கல்வி உதவித்தொகை, விடுதி, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை, இவை எல்லா சாதி ஏழைக்கும் போய்ச் சேர வேண்டும், இன்னும் கூட்ட வேண்டும் என்றால் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுவேன். சாதி செய்கிற வேலை வேறு. நல்ல சம்பளம் வாங்கும் எஸ்.சி. அதிகாரிக்கு நகரத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்காமல் போகிறதே, அதற்குப் பணம் மருந்தாகுமா? ஒரு ஆபீஸில் எல்லா நாற்காலியிலும் ஒரே தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் இன்னொரு தெருக்காரரின் மனு எந்தக் கட்டுக்கு அடியில் போகும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இட ஒதுக்கீடு அந்த நாற்காலிகளைப் பற்றியது. அதை வறுமை ஒழிப்புத் திட்டமாக நினைத்துக்கொண்டு அளந்தால் எப்போதும் குறையாகத்தான் தெரியும், ரேஷன் கடையை நூலகக் கணக்கில் அளப்பது மாதிரி.

அப்போ இ.டபிள்யூ.எஸ். 10 சதவீதம் மட்டும் எப்படி வந்துச்சு?

2019-இல் 103-ஆவது திருத்தம் மூலமாக. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லும் என்றது. தமிழ்நாடு தன் கல்லூரிகளிலும் வேலைகளிலும் அதை அமல்படுத்தவில்லை.

எனக்கு அதில் உள்ள வருத்தம், எஃப்.சி. ஏழைக்குக் கிடைப்பது பற்றியது இல்லை. 'பொருளாதாரத்தில் நலிந்தோர்' என்று பெயர் வைத்துவிட்டு எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஏழைகளை அதில் சேரவே விடவில்லை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் இருவரும் தொட்டதும் இதைத்தான். வருமான வரம்பும் வருஷத்துக்கு 8 லட்சம். மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் வருகிற குடும்பத்தை நலிந்தது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்க தாத்தா செஞ்ச தப்புக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும்?

ஒரு பையன் கண் கலங்கக் கேட்டான். அவன் எதுவும் செய்யவில்லை, அது உண்மை. அவன் தாத்தா கூட நேரடியாக எதுவும் செய்யாமல் இருந்திருக்கலாம். அதனால் 'பழைய பாவத்துக்குப் பரிகாரம்' என்று இட ஒதுக்கீட்டை நியாயப்படுத்துகிறவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. அப்படிப் பேசினால் குற்றவாளியைத் தேட வேண்டி வரும், பிள்ளைகளிடம் போய் நிற்போம்.

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அரசுக் கல்லூரியின் சீட் யாருடைய பிதுரார்ஜிதமும் இல்லை, உன்னிடமிருந்து பிடுங்குவதற்கு. பொதுப் பணத்தில் கட்டிய பொதுச் சொத்து, அதை எந்த விதிப்படி பகிர்வது என்று சமூகம் முடிவு செய்கிறது. அப்புறம், தப்பு பரம்பரையாக வராது, ஆனால் தப்பால் கிடைத்த வசதி வரும், நஷ்டமும் வரும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார், 1892-இல் அவர்களைப் போன்ற ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது, மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது, வேறு சாதிக்காரருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது? அந்த நிலம் கைவிட்டுப் போன வீட்டின் பேத்தியும், அந்த நிலத்தில் விளைந்த பணத்தில் கான்வென்ட் போன வீட்டுப் பேரனும் ஒரே நாளில் ஒரே பரீட்சை எழுதுகிறார்கள். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான். கணக்கு மட்டும் சமமாக ஆரம்பிக்கவில்லை.

சரி, தகுதின்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மார்க் அதிகம் எடுத்தவனுக்குத்தானே சீட்டு?

தகுதி இருக்கிறது. பரீட்சையில் வாங்கும் மார்க் அதை ஓரளவு காட்டுகிறது. அதுவே முழுத் தகுதி என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். டீக்கடை வேலை முடித்துவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகம் எடுக்கிற பிள்ளை வாங்கும் 170-ம், தனி ரூம், டியூஷன், ஒரு வருஷம் ரிப்பீட்டர் கோச்சிங் எல்லாம் இருந்து வாங்கும் 180-ம் ஒரே விஷயத்தையா அளக்கின்றன? 2022 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பில் ஓ.பி.சி. ஒதுக்கீடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: போட்டித் தேர்வில் காட்டும் திறனுக்குள் தகுதியைச் சுருக்கிவிட முடியாது, அந்த மார்க்குக்குப் பின்னால் குடும்பச் சூழலும் வசதியும் நிற்கின்றன என்று.

இதற்கு ஒரு கண்கூடான உதாரணம் இருக்கிறது. நீட் வந்த பிறகு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. 2020-இல், நீதிபதி கலையரசன் குழு பரிந்துரையைத் தொடர்ந்து, அவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. முதல் வருஷமே 300 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். முந்தின வருஷம் வரை தகுதி இல்லாதவர்கள் ஒரே வருஷத்தில் தகுதியானவர்களாக மாறிவிட்டார்களா? தகுதி அங்கேயே இருந்தது, அதைப் பார்க்கும் ஜன்னலைத்தான் திறந்தார்கள். இதையும் கவனியுங்கள்: இந்த 7.5 சாதிக்கானது இல்லை, எந்தப் பிரிவு மாணவரானாலும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். சாதி தவிர வேறு தடைகளைத் தமிழ்நாடு கண்டுகொள்வதில்லை என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

தகுதிக்காகப் பதறுகிறவர்கள் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஏன் பதறுவதில்லை என்றும் யோசித்துப் பாருங்கள். கடைசி ரேங்கில் இருந்தாலும் லட்சங்கள் கட்டி டாக்டர் சீட் வாங்கலாம். அந்த டாக்டரைப் பார்த்து 'கோட்டாவில் வந்தவன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கோட்டாவுல வந்த டாக்டர்கிட்ட உங்க அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணுவீங்களா?

பண்ணியிருக்கிறோம், அரசு மருத்துவமனையில். டாக்டர் எந்தப் பிரிவில் சேர்ந்தார் என்று கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறார்.

ஒதுக்கீடு வாசலில்தான். உள்ளே போனபின் பாஸ் மார்க் எல்லாருக்கும் ஒன்று, வைவா ஒன்று, ஹவுஸ் சர்ஜன் வருஷம் ஒன்று. சேரும்போது கொஞ்சம் பின்னால் இருந்தவர் ஐந்தரை வருஷத்தில் முன்னால் போவதும் உண்டு, மாறாகவும் நடக்கும். தமிழ்நாடு பல பத்தாண்டுகளாக நாட்டிலேயே அதிக ஒதுக்கீடு கொடுத்துவரும் மாநிலங்களில் ஒன்று. 2020 கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு இறக்கும் சிசுக்கள் இந்தியாவில் 28, இங்கே 13. ஒதுக்கீட்டால்தான் இது என்று நான் சொல்லவில்லை, ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்துக் கொள்முதல் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒதுக்கீட்டால் மருத்துவம் கெட்டுப்போகும் என்பது உண்மையானால் முதலில் கெட்டிருக்க வேண்டிய மாநிலம் இது. ரயில்வேயை எடுத்து அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வெய்ஸ்காஃபும் செய்த ஆய்விலும், எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் பங்கு கூடினால் உற்பத்தித்திறன் குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

என் பொண்ணு ஒரு மார்க்ல சீட்டை விட்டா. அவளுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

இந்தக் கேள்விக்கு முன்னால் எந்தப் புள்ளிவிவரமும் நிற்காது. அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு வேறு கல்லூரிகளின் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். எழுதும்போது சொல்கிறேன்: அவளுக்கு நேர்ந்தது நிஜமான இழப்பு. எந்தப் பங்கீட்டு விதியிலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பார். ஒதுக்கீட்டை ஆதரிக்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குவது தவறு, ஒத்துக்கொள்வதால் வாதம் பலவீனமாகிவிடாது.

இழப்பு வேறு, அவமதிப்பு வேறு. 'நீ கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது' என்று ஒருத்தியைத் தள்ளி வைத்தபோது, நீ எங்களுக்குக் கீழே என்று அவளிடம் சொன்னார்கள். இந்தப் பெண்ணிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் இன்னொரு கல்லூரிக்குப் போகலாம், அடுத்த வருஷம் எழுதலாம், தலைநிமிர்ந்து நடக்கலாம். இரண்டையும் 'பாகுபாடு' என்று ஒரே சொல்லால் அழைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. இன்னொன்று: இத்தனை பிள்ளைகள் இவ்வளவு குறைந்த இடத்துக்கு முட்டிமோதுவதற்குக் காரணம் பக்கத்து வீட்டு எம்.பி.சி. பையன் கிடையாது. நல்ல அரசுக் கல்லூரிகள் போதாது. சண்டை அங்கே போக வேண்டும்.

கலெக்டர் பையனுக்கு எதுக்குங்க கோட்டா?

மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் விதி உண்டு, அதாவது பிரிவுக்குள் வசதியானவர்களை விலக்கும் விதி, 1992 இந்திரா சஹானி தீர்ப்பிலிருந்து வந்தது, இப்போதைய வருமான வரம்பு வருஷத்துக்கு 8 லட்சம். தமிழ்நாட்டில் அந்த விதி இல்லை.

எஸ்.சி. பிரிவுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பது என் கருத்து. தீண்டாமை சம்பளத்தைப் பார்த்து விலகுவதில்லை, மேலே வாடகை வீடு பற்றிச் சொன்னேன். பி.சி. பிரிவில் எனக்கே உறுத்தல் உண்டு. எங்கள் அப்பா அரசு வேலையில் இருந்தார், நான் நல்ல பள்ளியில் படித்தேன், என் பிள்ளையும் தறி ஓட்டுகிறவர் பிள்ளையும் ஒரே பி.சி. வரிசையில் நிற்கிறார்கள். இது சரியில்லை. ஆனால் வசதியானவர்களை வெளியே தள்ளினால், தகுந்தவர் கிடைக்கவில்லை என்று இடம் காலியாக விடப்பட்டு வேறு பிரிவுக்குப் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது, அதுவும் வெறும் கற்பனை இல்லை, நிரப்பப்படாத பின்னடைவுக் காலிப்பணியிடங்கள் என்று ஒரு தனி வகையே அரசாங்கத்தில் உண்டு. அதனால் தள்ளாமல் வரிசைப்படுத்தலாம் என்பேன்: ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு முதலில் இடம், அவர்கள் முடிந்தபின் மற்றவர்கள். என் பிள்ளை பின்னால் நிற்கட்டும், இடம் பிரிவை விட்டுப் போக வேண்டாம்.

உள் ஒதுக்கீடு உள் ஒதுக்கீடுன்னு போனா எல்லாரும் தனித்தனியா கேட்பாங்களே?

கேட்பார்கள், கேட்க உரிமையும் உண்டு. கேட்டதற்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்பதில்லை, கணக்கு காட்ட வேண்டும். அருந்ததியருக்கு 2009-இல் 3 சதவீதம் வந்தது, ஏனென்றால் 18 சதவீதத்தில் அவர்களுக்கு மக்கள்தொகைக்கேற்ற பங்கு வந்து சேரவில்லை. மலம் அள்ளும் வேலையில் தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டவர்கள் அவர்கள்தான், பட்டியலில் மற்றவர்களோடு பேர் இருந்தும் பந்தியில் இலை கிடைக்கவில்லை. பட்டியல் சாதிக்குள் இப்படிப் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்று தீர்ப்புக் கொடுத்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. வன்னியருக்கு 10.5 சதவீதம் என்று 2021-இல் தேர்தலுக்குச் சற்று முன்னால் சட்டம் போட்டார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, போதுமான தரவு இல்லை என்று. கோரிக்கை நியாயமா இல்லையா என்று அந்தத் தீர்ப்பு முடிவுகட்டிவிட்டதாக நான் நினைக்கவில்லை. நாடு முழுக்க எல்லா சாதிகளையும் எண்ணி வெளியான கடைசி முழுக்கணக்கு 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பங்கு பிரித்தால் தகராறு வராமல் என்ன செய்யும்?

சாதி பேரைக் கேட்டு கேட்டு நீங்கதானே சாதியை வளர்க்கிறீங்க?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தலித் மாணவரை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவது பற்றி அரசே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் கவுன்சலிங் விண்ணப்பத்தைப் பார்த்தா சாதி கற்றுக்கொண்டார்கள்? வீட்டில், தெருவில், கோயில் திருவிழாவில், சுடுகாட்டுப் பாதையில் கற்றுக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் கேட்பதை நாளைக்கே நிறுத்தினாலும் கல்யாணத் தரகர் கேட்பதை நிறுத்த மாட்டார்.

கோட்டாவுல வந்தவன்னு பேர் வருமே, அதுவே அவமானம் இல்லையா?

இதைக் கேட்டவள் மாணவி, அதனால் அவளிடம் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். என் காலேஜ் ஹாஸ்டலில் முதல் வாரம் சீனியர்கள் கேட்ட முதல் கேள்வி பெயர் இல்லை, ரேங்க். ரேங்கைச் சொன்னதும் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். எனக்கும் கூசியது, ஒரு செமஸ்டர் முழுக்க வாய் திறக்கவில்லை. அதன்பின் புரிந்தது, அந்தக் கூச்சத்தை எனக்குள் போட்டது ஒதுக்கீடு இல்லை, அதற்கு முன்னாலேயே ஆளை எடை போடும் வழக்கம். நீ ஒதுக்கீடு இல்லாமல் வந்திருந்தாலும் உன் பெயரையும் ஊரையும் வைத்து அதே கணக்குப் போடுவார்கள்.

ரேங்க் கேட்டால் சொல்லு, சொல்லாவிட்டாலும் தப்பில்லை. வகுப்பில் கேள்வி கேள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கென்று உதவி மையம் பல கல்வி நிறுவனங்களில் இருக்கிறது, முதல் வாரமே எங்கே இருக்கிறது என்று பார்த்து வை.

தனியார் கம்பெனில கோட்டா கிடையாதே, அங்க நல்லாத்தானே ஓடுது?

நன்றாக ஓடுகிறதா என்பது யாருக்கு என்பதைப் பொறுத்தது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. நம் ஊரில் பெயரோடு சாதியைச் சேர்க்கும் வழக்கம் போய்விட்டது, அதனால் 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு' என்று கேட்பார்கள். அரசு வேலை வருஷா வருஷம் குறைந்து ஒப்பந்த வேலையாக மாறும் காலத்தில் ஒதுக்கீடு அரசு வாசலிலேயே நின்றுவிட்டால் சதவீதம் மட்டும் காகிதத்தில் அப்படியே இருக்கும், அதற்குரிய வேலை இருக்காது.

இலங்கையில தரப்படுத்தலை எதிர்த்தோமே, இங்க மட்டும் எப்படி ஆதரிக்கிறோம்?

என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. கேட்டவர் முகாமில் வளர்ந்த ஈழத்துத் தம்பி. 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் என்ற பெயரில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவழியாக வேறு வேறு மதிப்பெண் வைத்தார்கள், மருத்துவத்துக்குத் தமிழ்வழி மாணவருக்கு 250, சிங்களவழி மாணவருக்கு 229 என்று. 'பெரும்பான்மையினர் தங்களுக்கே சலுகை கொடுத்துக்கொண்டார்கள், அதனால் தவறு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தமிழ்நாட்டிலும் பி.சி., எம்.பி.சி. சேர்ந்தால் பெரும்பான்மைதான். எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

நான் பார்க்கும் வித்தியாசம் அளவுகோலில் இருக்கிறது. சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல அறிவியல் பள்ளி இல்லை என்ற குறை நிஜம். ஆனால் அந்தக் குறையை அளக்க மொழியை எடுத்தார்கள். அதனால் பள்ளிக்கூடமே சரியாக இல்லாத மன்னார்த் தமிழ்ப் பிள்ளை, கொழும்பின் பெரிய கல்லூரியில் படித்த சிங்களப் பிள்ளையைவிட அதிக மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. குறை எங்கே இருந்ததோ அங்கே போகாமல் ஒரு இனத்தின் பங்கைக் குறைக்கப் போனது. பின்னால் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைப் பாதித்தது, ஆனால் வன்னி, மன்னார் போன்ற பின்தங்கிய பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வாசல் திறந்தது. அளவுகோல் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

அதே அளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். எங்கள் பி.சி. பட்டியலில் நிலமும் பஸ்ஸும் கல்லூரியும் வைத்திருக்கிற சாதிகள் இருக்கின்றன, சில ஊர்களில் எஸ்.சி. மக்களை அடிப்பதும் அவர்கள்தான். யார் எதிலிருந்து தடுக்கப்பட்டார்கள், இன்னும் தடுக்கப்படுகிறார்களா என்று கேட்காமல் பட்டியலை அப்படியே வைத்திருந்தால் அந்தத் தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போய்விடும்.

மதம் மாறினா எஸ்.சி. போயிடுமா?

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டும், 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடும். கல்லறைத் தோட்டத்தில் கூடச் சுவர் கட்டிப் பிரித்த ஊர்கள் இங்கே உண்டு, மதம் மாறியதால் சாதி போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்த விதி மாற வேண்டும்.

அப்போ எப்பத்தான் நிறுத்துவீங்க?

தேதி கேட்டால் என்னிடம் இல்லை. அடையாளம் சொல்ல முடியும். சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்களின் பட்டியலில் எல்லா சாதிப் பெயரும் இருக்கும்போது, அல்லது அந்தப் பட்டியலே இல்லாதபோது. தலைமைச் செயலகத்திலும் உயர் நீதிமன்றத்திலும் எல்லாத் தெருக்காரர்களும் யாரும் எண்ணிப் பார்க்காமலேயே இருக்கும்போது. அது வரும்போது ஒதுக்கீடு தானாகவே வேலையில்லாமல் போகும், ஏனென்றால் முன்னே ஓ.சி. பற்றிச் சொன்னபடி, எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் பொதுப்பட்டியலிலேயே இடம் பிடித்துவிடுவார்கள்.

நான் எம்.பி.சி., ஆனா கோட்டா வேண்டாம், ஓ.சி.லயே போட்டி போடறேன். சர்டிஃபிகேட் போடாம விடலாமா?

விடலாம், பொதுப்பிரிவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு அவசியமே இல்லை. சான்றிதழ் போட்டிருந்தாலும் உன் ரேங்க் பொதுப்பட்டியலுக்குள் வந்தால் அங்கேதான் இடம் கிடைக்கும். வரவில்லை என்றால் மட்டும் எம்.பி.சி. இடம். வீட்டில் வசதி இருக்கிறது, உன் இடம் உன் பிரிவிலேயே அடுத்த பிள்ளைக்குப் போகட்டும் என்று மனதார நினைத்தால் அது உன் முடிவு, நான் மதிக்கிறேன். யாரோ கேலி செய்வார்கள் என்று கூச்சப்பட்டு விடுவதாக இருந்தால் வேண்டாம். நாளைக்குக் காலையில் நூலகத்துக்கு வா, ஆதாரும் மாற்றுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு. அப்பா பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் திருத்தக் கொடுக்க வேண்டும், கடைசி வாரம் சர்வர் வேலை செய்யாது.